ஒரு ஏக்கரில் எத்தனை கிலோமீட்டர் ஓடலாம்?

2025 ஆகஸ்டில் கார், பைக் வைத்திருப்பவர்கள் மத்தியில் ஒரே பேச்சுதான்: பங்கில் போடும் பெட்ரோலில் முன்புபோல மைலேஜ் கிடைப்பதில்லை. இருபது சதவீதம் எத்தனால் (கரும்பிலிருந்தும் தானியங்களிலிருந்தும் எடுக்கும் ஆல்கஹால்) கலந்த இ20 பெட்ரோல் அதற்குள் நாடு முழுக்க வந்துவிட்டிருந்தது. பழைய வண்டியின் கதி என்ன என்று ஒரு பக்கம் கோபம். இதெல்லாம் கிளப்பிவிட்ட வதந்தி என்று இன்னொரு பக்கம் பதில். பெட்ரோலிய அமைச்சகம் நீண்ட விளக்கம் ஒன்றை வெளியிட்டது. எத்தனால் இல்லாத பெட்ரோலையும் பங்கில் வைக்கச் சொல்லி உச்ச நீதிமன்றத்தில் போட்ட பொதுநல வழக்கு செப்டம்பர் 1-ஆம் தேதி தள்ளுபடியானது. அந்தச் சண்டை நடந்த அதே ஆகஸ்டில்தான் தூத்துக்குடியில் வின்ஃபாஸ்ட் நிறுவனத்தின் மின்சார கார் தொழிற்சாலையும் திறக்கப்பட்டது.

மைலேஜ் குறைவது வண்டிக்காரரின் நியாயமான கவலை. ஆனால், நாளைக்குக் கார் எதில் ஓட வேண்டும் என்பதை அதை மட்டும் வைத்து முடிவு செய்துவிட முடியாது. எரிபொருளில் இருக்கும் சக்தி எங்கிருந்து வருகிறது, அதை உண்டாக்க எவ்வளவு நிலமும் தண்ணீரும் போகின்றன, கடைசியில் சக்கரத்துக்கு வந்து சேர்வது எவ்வளவு என்ற கணக்கைப் போட்டாக வேண்டும். நம் ஊரில் மாற்று எரிபொருள் பற்றிய விவாதம் எப்போதுமே இந்த இடத்துக்கு வராமல் நின்றுவிடுகிறது என்பதுதான் என் ஆதங்கம்.

சரி, மைலேஜிலிருந்தே தொடங்கலாம். ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறக்குறைய 32 மெகாஜூல் சக்தி இருக்கிறது. ஒரு லிட்டர் எத்தனாலில் 21, அதாவது மூன்றில் இரண்டு பங்கு. ஐந்தில் ஒரு பங்கு எத்தனால் கலந்தால் லிட்டருக்கு 7 சதவீதம் சக்தி குறையும். ஏற்கெனவே 10 சதவீதம் கலந்து விற்ற பெட்ரோலோடு ஒப்பிட்டால் மூன்றரை சதவீதம். நிதி ஆயோக் 2021-இல் வெளியிட்ட எத்தனால் திட்ட அறிக்கை இதை மறைக்கவில்லை. எத்தனாலுக்கென்று வடிவமைக்காத, 10 சதவீதக் கலவைக்குச் சரிசெய்த கார்களில் 6 முதல் 7 சதவீதமும், அதே வகை இருசக்கர வண்டிகளில் 3 முதல் 4 சதவீதமும் மைலேஜ் குறையலாம் என்று எழுதியே வைத்தார்கள். புதிய வண்டிகளில் 1 அல்லது 2 சதவீதம்தான். எத்தனாலுக்கு ஆக்டேன் எண் (எஞ்சினுக்குள் அழுத்தும்போது முன்கூட்டியே தானாகப் பற்றிக்கொள்ளாமல் தாங்கும் திறன்) அதிகம் என்பதால், அதற்கென்றே வடிவமைத்த எஞ்சினில் இழந்ததில் கொஞ்சம் திரும்பக் கிடைக்கும்.

பழைய வண்டிகளுக்காக 10 சதவீதக் கலவை தொடர்ந்து கிடைக்க வேண்டும், சக்தி குறைவதற்கு ஈடாக வரிச் சலுகை பற்றி யோசிக்க வேண்டும் என்றும் அந்த அறிக்கை சொன்னது. இரண்டுமே பங்குக்கு வந்து சேரவில்லை. மக்களின் கோபத்துக்கு வேதியியலைவிட இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். பத்து வருடப் பழைய பைக்கில் வேலைக்குப் போகிறவருக்கு வேறு வழியே வைக்காமல், ‘ஒன்றும் ஆகாது, போடு’ என்று சொன்னால் நம்பிக்கை எப்படி வரும்?

இந்த விஷயத்தில் பிரேசிலை எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு, 1975-இல் அந்நாடு கரும்பு எத்தனால் திட்டத்தைத் தொடங்கியது. எண்பதுகளில் அங்கே விற்ற புதிய கார்களில் பெரும்பாலானவை முழு எத்தனாலில் ஓடின. அந்தப் பத்தாண்டின் கடைசியில் சர்க்கரை விலை ஏறியதும் ஆலைகள் சர்க்கரைப் பக்கம் திரும்பின. பங்கில் எத்தனால் தட்டுப்பாடு வந்தது, மக்களுக்கு எத்தனால் கார் மேலிருந்த நம்பிக்கை போயே போய்விட்டது. 2003-இல் எந்தக் கலவையிலும் ஓடக்கூடிய கார் வந்த பிறகுதான் அது மீண்டது. இன்று அங்கே பங்கில் நுழையும் ஓட்டுநர் விலைப் பலகையைப் பார்ப்பார். எத்தனால் விலை பெட்ரோல் விலையில் 70 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் எத்தனால், இல்லாவிட்டால் பெட்ரோல். சக்தி குறைவு என்பதை விலையிலேயே கண்டுகொள்கிறார்கள். நாமோ சென்னையில் லிட்டருக்கு நூறு ரூபாய்க்கு மேல் கொடுத்து வாங்குகிறோம், கலவை எதுவானாலும் விலை ஒன்றுதான்.

உங்கள் வண்டியில் எவ்வளவு எத்தனால் இருக்கிறது என்பதை நீங்களே பார்த்துக்கொள்ளலாம். கண்ணாடி அளவுக் குழாயில் 10 மில்லி தண்ணீர் விட்டு, அதன்மேல் 90 மில்லி பெட்ரோலை ஊற்றி, மூடிக் குலுக்கிவிட்டு வைக்க வேண்டும். சில நிமிடங்களில் இரண்டு அடுக்காகப் பிரியும். அடியில் இருந்த 10 மில்லி தண்ணீர் 28 மில்லி அளவுக்கு ஏறியிருந்தால் அது இ20. எத்தனால் பெட்ரோலை விட்டுவிட்டுத் தண்ணீரோடு போய்ச் சேர்ந்துகொள்கிறது. (செய்கிறவர்கள் திறந்த வெளியில், தீ பக்கமே இல்லாத இடத்தில் செய்யவும்.) மழைக்காலத்தில் பங்குகளில் ‘டேங்கில் தண்ணீர் இறங்காமல் பார்த்துக்கொள்ளவும்’ என்று எழுதி வைப்பதற்கு இதுதான் காரணம். கொஞ்சம் தண்ணீர் இறங்கினாலும் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து டேங்கின் அடியில் தங்கும். எஞ்சினுக்குப் போகும் குழாய் அந்த அடிப்பகுதியிலிருந்துதான் எடுக்கும். மெயின் ரோட்டில் வண்டி நின்றுவிடும்.

கரி பஸ், மூலிகைப் பெட்ரோல், காட்டாமணக்கு

மாற்று எரிபொருள் நமக்குப் புதிதல்ல. இரண்டாம் உலகப்போரில் பெட்ரோலுக்கு ரேஷன் வந்தபோது தமிழ்நாட்டுச் சாலைகளில் கரி பஸ் ஓடியது. பஸ்ஸின் பின்னால் உயரமான இரும்பு உருளை, அதில் அடுப்புக்கரி. காற்றை அளவாக விட்டுக் கரியை எரித்தால் கார்பன் மோனாக்சைடு வாயு வரும். அதை வடிகட்டி எஞ்சினுக்குக் கொடுத்தார்கள். காலையில் கிளீனர் கையால் ஊதுசக்கரம் சுற்றி நெருப்பைக் கிளப்பிய பிறகுதான் வண்டி கிளம்பும். மேடு வந்தால் திணறும். அப்புறம் போர் முடிந்து பெட்ரோல் தாராளமாகக் கிடைத்ததும் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனாலும் அது நேர்மையான எரிபொருள்: சக்தி கரியிலிருந்து வந்தது, கரி மரத்திலிருந்து வந்தது, அந்த மரம் வெட்டப்பட்டதைக் கண்ணால் பார்க்க முடிந்தது.

1996-இல் வந்த மூலிகைப் பெட்ரோலில், சக்தி எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்குப் பதிலே இல்லை. தண்ணீரில் மூலிகையைப் போட்டுக் கொதிக்க வைத்தால் பெட்ரோல் கிடைக்கும் என்ற செய்தி தமிழ்நாட்டைத் தாண்டி நாட்டையே உலுக்கியது. தண்ணீர் என்பது ஏற்கெனவே எரிந்து முடிந்த ஹைட்ரஜன். அதில் எடுத்துக்கொள்ளச் சக்தி மிச்சமில்லை. ஒரு பிடி இலையில் இருக்கும் சக்தி ஒரு டம்ளர் எரிபொருளுக்குக்கூடப் போதாது. பள்ளிக்கூட வேதியியலே போதும், ஆனால் அன்று அந்தக் கேள்வியைக் கேட்டவர்களைவிட நம்ப விரும்பியவர்கள்தான் அதிகம்.

அடுத்து வந்தது காட்டாமணக்கு. 2003-இல் திட்டக் குழுவின் அறிக்கை அதைப் பரிந்துரைத்தது. குடியரசுத் தலைவராக இருந்த அப்துல் கலாம் மேடைதோறும் அதைப் பற்றிப் பேசினார். தரிசில் வளரும், ஆடு மாடு கடிக்காது, தண்ணீர் வேண்டாம், விதையிலிருந்து டீசல் கிடைக்கும் என்றார்கள். நல்ல நோக்கம்தான். தமிழ்நாட்டு விவசாயிகள் பலர் நம்பி நட்டார்கள். தண்ணீர் இல்லாமல் செடி உயிரோடு இருக்கும் என்பது உண்மை. காய்க்க வேண்டுமென்றால் தண்ணீரும் உரமும் கேட்கும் என்பது நட்ட பிறகே தெரிந்தது. தமிழ்நாட்டுத் தோட்டங்களை ஆராய்ந்து 2010-இல் வெளியான ஓர் ஆய்வு, சொன்ன விளைச்சலுக்கும் கிடைத்த விளைச்சலுக்கும் சம்பந்தமே இல்லை என்று காட்டியது. செடியைப் பிடுங்கிப் போட்டுவிட்டு விவசாயிகள் வேறு பயிருக்குப் போனார்கள். நஷ்டத்துக்கு யாரும் பொறுப்பேற்கவில்லை. ஏக்கருக்கு எத்தனை லிட்டர், அதற்கு எவ்வளவு தண்ணீர் என்று முதலிலேயே கேட்டிருந்தால் அந்தக் குடும்பங்கள் தப்பித்திருக்கும்.

ஏக்கர் கணக்கு

இப்போது அதே கேள்வியைக் கரும்பிடம் கேட்போம். நன்றாக விளைந்தால் ஏக்கருக்கு 40 டன் கரும்பு என்று வைத்துக்கொள்ளலாம். சர்க்கரையே எடுக்காமல் முழுச் சாற்றையும் எத்தனாலாக்கினால் டன்னுக்கு 70 லிட்டர் என்கிறது நிதி ஆயோக் அறிக்கை. ஆக, ஏக்கருக்கு 2,800 லிட்டர். பெட்ரோலில் 18 கிலோமீட்டர் தரும் கார் எத்தனாலில் 12 தரும். ஒரு ஏக்கர் கரும்பு, ஒரு வருடத்தில் 33,600 கிலோமீட்டர். சக்கையை எரித்து ஆலை எடுக்கும் மின்சாரம் கரும்பின் பக்கம் சேர வேண்டிய கூடுதல் வரவு. அதையும் நினைவில் வைத்துக்கொள்வோம்.

பக்கத்திலேயே ஒரு ஏக்கரில் சூரிய மின் தகடு போட்டால்? ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 2016-இல் தொடங்கிய 648 மெகாவாட் மின் நிலையம் சுமார் 2,500 ஏக்கரில் இருக்கிறது. ஏக்கருக்கு கால் மெகாவாட். நம் வெயிலுக்கு ஒரு கிலோவாட் தகடு வருடத்துக்கு 1,500 யூனிட் தரும் என்றால் ஏக்கருக்கு மூன்றே முக்கால் லட்சம் யூனிட். கம்பியிலும் சார்ஜரிலும் பேட்டரியிலும் ஐந்தில் ஒரு பங்கு போனாலும் மூன்று லட்சம் யூனிட் மிஞ்சும். மின்சார கார் யூனிட்டுக்கு 7 கிலோமீட்டர் போகும். மொத்தம் 21 லட்சம் கிலோமீட்டர்.

33,600 எங்கே, 21 லட்சம் எங்கே! அறுபது மடங்கு. என் எண்களில் எதையாவது பாதியாக்கினாலும், சக்கை மின்சாரத்தைத் தாராளமாகச் சேர்த்தாலும், இடைவெளி அடைபடாது. காரணம் இரண்டு. இலை தன்மேல் விழும் வெயிலில் ஒரு சதவீதத்தைக்கூடச் சரியாகச் சேமிப்பதில்லை. தகடு இருபது சதவீதத்தை மின்சாரமாக்குகிறது. அப்புறம், எஞ்சின் தனக்குள் போகும் சக்தியில் பெரும்பகுதியை ரேடியேட்டர் வழியாகவும் சைலன்சர் வழியாகவும் சூடாக வெளியே விட்டுவிடுகிறது; மோட்டார் பெரும்பகுதியைச் சக்கரத்துக்குக் கொடுக்கிறது. எந்தத் தொழில்நுட்பம் வந்தாலும் கரும்பு இந்தப் பந்தயத்தில் ஜெயிக்காது.

தண்ணீர்க் கணக்கு இதைவிடக் கஷ்டமானது. கரும்பிலிருந்து ஒரு லிட்டர் எத்தனாலுக்கு சுமார் 2,860 லிட்டர் தண்ணீர் போகிறது என்று அதே நிதி ஆயோக் அறிக்கை சொல்கிறது. பிரேசிலில் பெரும்பாலான கரும்பு மழையிலேயே வளர்கிறது. நமக்கு ஆற்றுப் பாசனமும் போர்வெல்லும்தான். பிரேசிலைக் காட்டிப் பேசுகிறவர்கள் இந்த வித்தியாசத்தை விட்டுவிடுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது. 2023 டிசம்பரில் மழை பொய்த்துக் கரும்பு குறைந்ததும், சாற்றிலிருந்து எத்தனால் எடுப்பதை மத்திய அரசே தடுத்து நிறுத்தி, பிறகுதான் கொஞ்சம் தளர்த்தியது.

அதனால் சுமை தானியத்தின் மேல் விழுந்தது. உடைந்த அரிசி, அரசுக் கிடங்கு அரிசி, எல்லாவற்றுக்கும் மேலாக மக்காச்சோளம். வழக்கமாக மக்காச்சோளத்தை ஏற்றுமதி செய்துவந்த இந்தியா 2024-இல் நிகர இறக்குமதி நாடாக மாறியது. இதன் வலி நாமக்கல்லில் தெரிகிறது. கோழித் தீவனத்தில் பாதிக்கும் மேல் மக்காச்சோளம்தான். பெரம்பலூர், அரியலூர் பக்கத்து மக்காச்சோளத்துக்குக் கோழிப்பண்ணைக்காரரும் எத்தனால் ஆலையும் போட்டி போட்டால், ஒருவருக்குக் கிடைக்கும் நல்ல விலை இன்னொருவருக்குத் தீவனச் செலவு, கடைசியில் முட்டை விலை. எத்தனால் எடுத்த பிறகு மிஞ்சும் புண்ணாக்கு போன்ற கழிவு தீவனத்துக்குத் திரும்புகிறது என்பது உண்மைதான். முழு தானியத்துக்கு அது ஈடாகாது.

எத்தனால் தரப்பின் நியாயத்தையும் சொல்லியாக வேண்டும். நாம் பயன்படுத்தும் கச்சா எண்ணெயில் 85 சதவீதத்துக்கு மேல் இறக்குமதி. அந்த டாலரில் ஒரு பகுதி கரும்பு விவசாயிக்கும் மக்காச்சோள விவசாயிக்கும் போகிறது என்றால் அது சின்ன விஷயமல்ல. வெட்டிக் கொடுத்த கரும்புக்கு வருடக்கணக்கில் நிலுவைப் பணம் வராமல் தமிழ்நாட்டு விவசாயிகள் ஆலை வாசலில் உட்கார்ந்த கதை நமக்குத் தெரியும். எத்தனால் பணம் ஆலைக்குச் சீக்கிரம் வருவதால் நிலுவை குறைகிறது. சர்க்கரை எடுத்த பிறகு மிஞ்சும் மொலாசஸிலிருந்து எடுக்கும் எத்தனாலை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். அதற்கென்று தனியாக ஒரு சொட்டுத் தண்ணீர் பாய்ச்ச வேண்டியதில்லை. எரிபொருளுக்காகவே வயலை ஒதுக்குவதில்தான் தகராறு. அதில் மலிவும் இல்லை: போக்குவரத்து, வரி எல்லாம் சேர்த்து எத்தனால் கொள்முதல் விலை லிட்டருக்குச் சராசரி 71 ரூபாய் ஆகிறது, சுத்திகரித்த பெட்ரோலின் அடக்க விலையைவிட அது அதிகம் என்று பெட்ரோலிய அமைச்சகமே 2025 விளக்கத்தில் சொல்லியிருக்கிறது.

மின்சாரம் எந்த நேரத்தில்?

மின்சார காரில் குறையே இல்லையா என்றால், இருக்கிறது. 21 லட்சம் கிலோமீட்டர் என்ற கணக்கு வெயில் மின்சாரத்துக்கு மட்டும்தான். இந்தியாவின் மின்சாரத்தில் பத்தில் ஏழு பங்கு இன்னும் நிலக்கரியிலிருந்து வருகிறது. சராசரியாக ஒரு யூனிட்டுக்கு 700 கிராம் கரியமில வாயு. இழப்பையும் சேர்த்தால் மின்சார கார் கிலோமீட்டருக்கு சுமார் 125 கிராம் வெளியிடுகிறது என்றாகும்; புகை போவது காரிலிருந்து இல்லை, எண்ணூரிலோ நெய்வேலியிலோ உள்ள புகைபோக்கியிலிருந்து. லிட்டருக்கு 18 கிலோமீட்டர் தரும் பெட்ரோல் கார் எரிப்பதில் மட்டும் கிட்டத்தட்ட அதே அளவு வெளியிடும். எண்ணெய் எடுப்பதையும் சுத்திகரிப்பதையும் சேர்த்தால் 150-ஐத் தாண்டும். இரவு பத்து மணிக்கு வீட்டில் சார்ஜ் போட்டால் லாபம் கொஞ்சம்தான். நகரத்துக்குள் புகை இல்லை என்பது தனி நன்மை. பள்ளிக்கூட வாசலில் நிற்கும் பிள்ளைகளுக்கு அது பெரிய நன்மை.

அதே காரை மதியம் சார்ஜ் போட்டால் கதையே வேறு. தமிழ்நாட்டில் 11,000 மெகாவாட்டுக்கு மேல் காற்றாலைகள் இருக்கின்றன. முப்பந்தல், ஆரல்வாய்மொழி பக்கம் மே முதல் செப்டம்பர் வரை காற்று அள்ளிக்கொண்டு போகும். அந்த மாதங்களில் சில நேரம் மின்சாரத்தை எடுத்துக்கொள்ள இடமில்லாமல் காற்றாலைகளை நிறுத்தச் சொல்கிறார்கள் என்பது காற்றாலைக்காரர்களின் நீண்ட நாள் குறை. மதிய வெயிலில் சூரிய மின்சாரத்துக்கும் இதே நிலை வந்துகொண்டிருக்கிறது. வீணாகும் அந்த மின்சாரத்தை வாங்கி வைக்க, நாள் முழுக்கச் சும்மா நிற்கும் கார்களைவிடப் பொருத்தமான இடம் எது?

பேட்டரிக்கான செல்கள் பெரும்பாலும் சீனாவிலிருந்து வருகின்றன. எண்ணெய்க்கு அரபு நாடு, பேட்டரிக்குச் சீனா என்று ஒன்றை விட்டு இன்னொன்றில் மாட்டிக்கொள்கிறோமே என்ற கேள்வியும் சரியானதே. ஒரு வேறுபாடு உண்டு. பெட்ரோல் எரிந்தால் போச்சு, அடுத்த வாரம் மறுபடி வாங்க வேண்டும். பேட்டரி பத்து வருடம் உழைக்கும், அதன் பிறகும் உள்ளே இருக்கும் உலோகத்தை எடுத்து உருக்கலாம்.

ஹைட்ரஜனைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தண்ணீரைப் பிரித்து ஒரு கிலோ ஹைட்ரஜன் எடுக்க 50 முதல் 55 யூனிட் மின்சாரம் ஆகும். அதை 700 மடங்கு காற்றழுத்தத்துக்கு அழுத்திக் காரில் ஏற்றினால் சுமார் 100 கிலோமீட்டர் ஓடும். அதே மின்சாரத்தை நேராக பேட்டரியில் ஏற்றினால் 300 கிலோமீட்டருக்குக் குறையாது. கலிஃபோர்னியாவில் கார்களுக்கான ஹைட்ரஜன் நிலையங்களை ஷெல் நிறுவனம் 2024-இல் மூடிவிட்டது. உரத்துக்கும் எஃகுக்கும் ஹைட்ரஜன் வேண்டும். சென்னை ரயில் பெட்டித் தொழிற்சாலையான ஐ.சி.எஃப். 2025-இல் சோதித்த ஹைட்ரஜன் ரயில் பெட்டி போன்றவற்றை முயன்று பார்க்கலாம். காருக்கு வேண்டாம். சி.என்.ஜி. (அழுத்தி அடைத்த இயற்கை எரிவாயு) டீசலைவிடச் சுத்தம், உச்ச நீதிமன்ற உத்தரவால் 2002-க்குள் டெல்லி பஸ்கள் அதற்கு மாறியது பெரிய காரியம். அதுவும் பாதி இறக்குமதி வாயுதான், டிக்கியில் பாதியை சிலிண்டர் எடுத்துக்கொள்ளும்.

அப்படியென்றால் எத்தனாலை என்ன செய்வது? மொலாசஸும் வைக்கோலும் தரும் அளவுக்குப் பெட்ரோலில் கலக்கலாம்; பழைய வண்டிக்குப் பங்கில் ஒரு குழாயாவது 10 சதவீதக் கலவைக்கு ஒதுக்கலாம்; இ20 விலையை அதன் சக்திக்கு ஏற்றாற்போல லிட்டருக்கு மூன்று ரூபாயாவது குறைக்கலாம். பேட்டரியில் தூரம் பறக்க முடியாத விமானங்களுக்கான எரிபொருளாக எத்தனாலை மாற்றும் வேலையைத் தீவிரமாகச் செய்யலாம்.

காருக்கு வேண்டியது பெரிய தொழில்நுட்பம்கூட இல்லை. வேலைக்குப் போய் வரத் தினமும் 40 கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்கு 6 யூனிட் போதும். ஏசிக்குப் போடும் அதே 15 ஆம்ப் பிளக் மணிக்கு 3 யூனிட் தரும். இரண்டு மணி நேர வேலை. கிண்டி, ஒரகடம், ஓசூர், கோவை என்று காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை கார்கள் வெயிலில் நிற்கும் இடங்கள் எல்லாவற்றிலும், ரயில் நிலைய வாகன நிறுத்தங்களிலும், அந்த பிளக்கும் ஒரு மீட்டரும் இருக்க வேண்டும். பகல் மின்சாரத்தின் விலை இரவு விலையைவிடக் கண்ணுக்குத் தெரியும் அளவுக்குக் குறைவாக இருக்க வேண்டும். இதற்கு மின்வாரியமும் மாநில ஒழுங்குமுறை ஆணையமும் மனது வைத்தால் போதும். ஒரு ஏக்கர் நிலம்கூடப் புதிதாகத் தேவையில்லை.